அரை அங்குலம் இறங்கிய தோள்

பஸ் நிலையத்தில் காத்து நிற்கும்போது மற்றவர்கள் வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பார்கள். அரையங்குலம் என்கிறவள் முதுகைப் பார்ப்பாள். முதுகில் தொங்கும் பை எப்படி உட்கார்ந்திருக்கிறது, வார் தோளை எந்த இடத்தில் கடிக்கிறது, அடிப்பக்கம் இடுப்போடு ஒட்டியிருக்கிறதா இல்லை பின்னால் ஊஞ்சல் ஆடுகிறதா என்று கண் தானாக அளந்துவிடும். வேலையிலிருந்து நின்று ஆறு வருஷம் ஆகிறது. அவள்தான் ஓய்வு வாங்கினாள், கண் வாங்கவில்லை.

"அம்மா, அந்த ஆளு ரெண்டு தடவை திரும்பிப் பாத்துட்டாரு. வா இந்தப் பக்கம்" என்று மகள் கையைப் பிடித்து இழுப்பாள்.

"அவரு பாத்தா என்னடி? நான் அவரையா பாக்குறேன்? பையைத்தானே பாக்குறேன்."

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. கம்பெனியின் வருகைப் பதிவேட்டுக்கு வெளியே அதற்கு நடமாட்டம் இல்லை. எந்தப் பையைக் கொடுத்தாலும் தலையைச் சற்றே சாய்த்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு அரை அங்குலம் விடலாம்" என்பாள். கட்டிங் மாஸ்டர் இதை நாலு நாள் கேட்டார். ஐந்தாம் நாள் அவளை "வாங்க அரையங்குலம்" என்று கூப்பிட்டார். அதற்குப் பிறகு வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் அதுதான் பெயர்.

பயணப் பைகள் செய்கிற கம்பெனி அது. மலையேறுகிறவர்கள், சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்கள், கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள், விளையாட்டுக்காரர்கள் என்று வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காதவர்களுக்கான பைகள். கீழ்த்தளத்தில் முதலாளியின் அறையும் குடோனும். முதல் மாடியில் துணி வெட்டுவார்கள். இரண்டாம் மாடியில் லைன். மூன்றாம் மாடியில் புதுப் பைகளை முதலில் தைத்துப் பார்க்கிற மாதிரி அறை. அதற்கு மேல் மொட்டைமாடி. தரையிலிருந்து மொட்டைமாடி வரை எண்பத்து நாலு படிகள். லிஃப்ட் வைக்க இடம் விட்டிருந்தார்கள், அந்த இடத்தில் அட்டைப் பெட்டிகள் குடியிருந்தன.

லைன் என்றால் இரண்டு வரிசையாக நாற்பது தையல் மெஷின்கள். ஒரு ஆளுக்கு ஒரு தையல். ஒருத்தி ஜிப் வைப்பாள், அடுத்தவள் வார் ஒட்டுவாள், அதற்கடுத்தவள் கைப்பிடி. அரையங்குலத்துக்குக் கிடைத்தது வெளிப் பாக்கெட்டின் அடித்தையல். ஒன்பது வருஷம் அதே தையல். ஊரெல்லாம் அவள் தைத்த பைகள் சுற்றிக்கொண்டிருந்தன, ஆனால் ஒரு முழுப் பையை அவள் தைத்தது கிடையாது. "நீ என்ன வேலை பாக்குற?" என்று யாராவது கேட்டால், "பாக்கெட்டுக்கு அடி போடுறேன்" என்பாள். கேட்டவர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

அவள் மேலே போனது ஒரு கிழிந்த பாக்கெட்டால். டிசைன் போடுகிற தம்பி ஒருநாள் லைனுக்கு இறங்கி வந்தார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர், அதனாலோ என்னவோ கால்சட்டை மடிப்புக் கலையாமல் நடப்பார். கையில் ஒரு பழைய பை. "எல்லாப் பையிலயும் பாக்கெட் இதே மூலையில கிழியுது. நூலை மாத்தியாச்சு, துணியை மாத்தியாச்சு. என்னன்னே தெரியல" என்று சூப்பர்வைசரிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

அரையங்குலம் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள். "மூலையை வளைச்சு வெட்டுங்க தம்பி. சதுரமா இருந்தா உள்ள இருக்குற சாமான் மொத்தமும் அந்த மூலைக்குத்தான் போயி முட்டும்."

தம்பி திரும்பிப் பார்த்தார். "இதை ஏன்க்கா இத்தனை நாளா சொல்லல?"

"யாரும் கேக்கலையே."

அடுத்த வாரம் சூப்பர்வைசர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "மேல கூப்பிடுறாங்க. மாதிரி தைக்க ஆள் வேணுமாம். ஆறு மாசம் வெச்சுப் பாப்பாங்க. சரியா வரலைன்னா திரும்ப இங்கதான். உன் மெஷினை யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன்."

"அவ்வளவு நல்லவரா நீங்க?"

"இல்லம்மா. உன் மேல அவ்வளவு நம்பிக்கை."

லைன் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் திரும்பி வந்து அந்தச் சிரிப்புக்கு நடுவில் உட்காரக்கூடாது என்பது ஒன்றுதான் படியேறும்போது அவள் மனசில் இருந்தது.

மாதிரி அறையை நினைத்தால் இன்றைக்கும் முதலில் அவள் மூக்குக்குத்தான் நினைவு வரும். ஃபோம் ஒட்டும் பசையின் வாசம், புதுத் துணிச் சுருளைப் பிரிக்கும்போது வருகிற மெழுகு வாசம், கட்டிங் மாஸ்டர் பிளாஸ்கில் கொண்டுவரும் டீயின் வாசம். மூன்று பக்கம் ஜன்னல். சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் வெட்டு மேசை மேல் வந்து படுத்துக்கொள்ளும். சுவர் முழுக்கத் தம்பியின் படங்கள்.

அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பொழுது போய்விடும். திறந்தால் முக்காலியாகிற பை ஒன்று. மழை பெய்தால் மூடியிலேயே தண்ணீர் பிடித்துப் பாட்டிலுக்கு அனுப்புகிற சைக்கிள் பை ஒன்று. பனியில் போட்டால் சறுக்கு வண்டி, தரையில் போட்டால் சக்கர வண்டி என்று ஒரு பெட்டி. அந்த அறையில் ஒருவர்கூடப் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆற்றில் விழுந்தால் தானே ஊதிக்கொண்டு மிதக்கிற பையும் இருந்தது. அதை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்த்தார்கள். தொட்டியின் அடியிலிருந்து அதை வெளியே எடுக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

"தம்பி, இது மிதக்குற பை இல்ல. நங்கூரம்" என்றார் கம்பியண்ணன்.

பைக்குள் வைக்கிற அலுமினியக் கம்பிகளை வளைத்து ஃபிரேம் செய்வது அவர் வேலை. பேச்சு குறைவு, மூச்சிரைப்பு ஜாஸ்தி. தம்பி, மாஸ்டர், கம்பியண்ணன், அரையங்குலம். நாலே பேர்தான் அந்த அறை.

அங்கே ஒரு நடைமுறை இருந்தது. எந்தப் பையாக இருந்தாலும் அதில் பன்னிரண்டு கிலோ மணலைப் பொட்டலம் கட்டிப் போட்டு, ஒருவர் மாட்டிக்கொண்டு எண்பத்து நாலு படியையும் இருபது தடவை ஏறி இறங்க வேண்டும். எங்கே உறுத்துகிறது, எங்கே ஆடுகிறது என்று சொல்ல வேண்டும். சொன்ன இடத்தில் சாக்குக்கட்டியால் குறி போட்டு, பிரித்து, திரும்பத் தைத்து, திரும்ப ஏறுவார்கள். பை முதுகில் நேராக உட்காரும் வரை இப்படியே. படம் என்ன சொன்னாலும் சரி, படி சொன்னதுதான் கடைசி. கடைசிக் குறியை வைத்துத்தான் மாஸ்டர் அளவு அட்டை வெட்டுவார். அந்த அட்டைதான் லைனுக்குப் போகும்.

ஏறுவது யார்? தம்பி கொக்கு மாதிரி உயரம், அவர் முதுகுக்குத் தைத்தால் வேறு யாருக்கும் ஆகாது. மாஸ்டருக்கு முழங்கால் வலி. கம்பியண்ணனுக்கு முதல் மாடியிலேயே விசில் சத்தம் கேட்கும். மிச்சம் அரையங்குலம். அவளும் ஆசையோடுதான் ஏறினாள். மலை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் பாரத்தோடு ஏறுகிற உடம்பு ஒவ்வொரு மாடியிலும் என்ன கேட்கும் என்று அந்த ஐந்து மாதத்தில் கரைத்துக் குடித்துவிட்டாள்.

அப்போதுதான் தம்பி ஒற்றை இழுப்புப் பையை வரைந்தார்.

சாதாரணமாக மலைப் பையில் நாலைந்து பக்கிள் இருக்கும். இடது தோளுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, மாருக்கு, இடுப்புக்கு என்று. குளிரில் விரல் விறைத்துப் போனவனுக்கு அதையெல்லாம் இழுத்துச் சரி செய்வது பெரும்பாடு. தம்பியின் பையில் மாருக்கு நேரே ஒரே ஒரு நாடா. அதை ஒரு இழு இழுத்தால் இரண்டு தோள் வாரும் ஒரே அளவாக இறுகும். வேறு எதையும் தொட வேண்டாம். படத்தை விரித்ததும் மாஸ்டர் பிளாஸ்க் மூடியைக் கீழே வைத்துவிட்டார். அவர் டீயைப் பாதியில் விடுவது அபூர்வம்.

அரையங்குலம் அதைப் பதினோரு தடவை பிரித்துத் தைத்தாள். இடது வாரின் மேல்முனை மட்டும் அவளுக்குச் சரியாகவே படவில்லை. பை இடது பக்கம் இறங்கியது. முதுகுத் துணியில் அந்த முனையைத் தைக்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தாள். அரை அங்குலம் இறக்கியதும் பை நேராக நின்றது. இருபது தடவை ஏறி இறங்கினாள். அச்சு மாதிரி உட்கார்ந்தது.

"படி சொல்லிடுச்சு" என்றார் மாஸ்டர். அட்டை வெட்டினார். பன்னிரண்டு பைகள் தைத்தார்கள்.

அந்தப் பன்னிரண்டையும் ஒரு நடைக்குழு வாங்கிக்கொண்டு ஐந்து நாள் மலைக்குப் போனது. குழுவின் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் பை லைனுக்குப் போகும். பை லைனுக்குப் போனால் அரையங்குலம் லைனுக்குப் போக வேண்டாம், மேலேயே நிரந்தரம். முதலாளி வாயால் அப்படித்தான் சொல்லியிருந்தார். ஆறு மாதக் கணக்கில் இன்னும் மூன்று வாரம் பாக்கி.

ஆறாம் நாள் பல் டாக்டர் நேராக முதலாளியின் அறைக்கே வந்துவிட்டார். மாதிரி அறையிலிருந்து நாலு பேரையும் கீழே கூப்பிட்டார்கள். முதலாளி கனத்த உடம்பு. மேலே வருகிற பழக்கம் அவருக்கு இல்லை, மேலே இருப்பவர்கள்தான் கீழே வர வேண்டும்.

"ஐடியா தங்கம்" என்றார் பல் டாக்டர். "ஒரே இழுப்பு, அவ்வளவுதான். ஆனா வலது பக்கமா சாயுது. பன்னிரண்டு பேர்ல ஒன்பது பேருக்கு. மூணாவது நாள் பின்னாடி நின்னு பாக்குறேன், சாய்ஞ்ச கம்பமெல்லாம் வரிசையா நடந்து போற மாதிரி இருக்கு. எனக்கு வலது இடுப்புல தோலே போயிடுச்சு."

முதலாளி கம்பியண்ணனைப் பார்த்தார். "வலது பக்கம்னா வலது கம்பி. பாரம் ஏறினதும் வளையுது. வேற என்ன இருக்கப் போகுது?"

"அளந்து பாத்தேன் முதலாளி. நேராத்தான் இருக்கு."

"சும்மா இருக்கும்போது நானும்தான் நேரா இருக்கேன். பன்னிரண்டு கிலோ ஏத்திப் பாரு!" முதலாளி மேசையைத் தட்டினார். "ஃபிரேமை இனி வெளியில வாங்கிக்கலாம். திங்கள்கிழமையில இருந்து நீ குடோனைப் பாத்துக்கோ. உன் மூச்சிரைப்புக்கும் அதுதான் நல்லது."

கம்பியண்ணனின் மூச்சு மட்டும் அவருக்குப் பதிலாகப் பேசியது.

மேலே வந்ததும் அரையங்குலம் அட்டையை எடுத்து மேசையில் விரித்துப் பார்த்தாள். வலது குறி படத்தில் இருந்தபடி. இடது குறி அரை அங்குலம் கீழே. அவள் வைத்த குறி. படி சொன்ன குறி. அதில் எப்படித் தப்பு வரும்? பழைய பைகளிலும் இடது முனையைக் கால், அரை என்று இறக்கியது நினைவு வந்தது. அவற்றில் தோளுக்குத் தோள் தனித்தனிப் பக்கிள் இருந்தது, போட்டவர்கள் அவரவர் இழுத்துச் சரி செய்துகொண்டிருப்பார்கள். இதில் தனித்தனியாக இழுக்க ஒன்றும் இல்லை. இவ்வளவு தூரம் யோசித்தவளுக்கு அதற்கு மேல் ஓடவில்லை.

அவள் புருஷன் முடி திருத்துகிறவர். ஒற்றை நாற்காலிக் கடை. தினமும் வேலை முடிந்ததும் அவள் கடைக்குப் போய், வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்து பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருப்பாள். கடைசி ஆள் போனதும் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு நடப்பார்கள். அன்றைக்குக் கடையில் ஆளே இல்லை. கால் வலிக்கிறது என்று அவள் நாற்காலியிலேயே ஏறி உட்கார்ந்தாள்.

அவர் ஒரு வெள்ளைத் துணியை உதறி அவள் மேல் போர்த்தினார். "சொல்லுங்க மேடம். கட்டிங்கா, ஷேவிங்கா?"

"சும்மா இருங்க. நானே நொந்து போயி வந்திருக்கேன்."

துணி இடது பக்கமாக வழுக்கி மடியில் விழுந்தது. அவர் எடுத்துத் திரும்பப் போட்டார். திரும்ப வழுக்கியது. "உனக்கு எப்பவும் இப்படித்தான். அந்தப் பக்கம் இறக்கம்."

"எந்தப் பக்கம் என்ன இறக்கம்?"

"தோளு. இடது தோளு. ஏன், உனக்குத் தெரியாதா?"

அரையங்குலம் கண்ணாடியைப் பார்த்தாள். தினமும் முகம் பார்க்கிற கண்ணாடிதான். தலையைச் சாய்த்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரிந்தது. தலையை நிமிர்த்தினாள். இடது தோள் இறங்கியிருந்தது. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து அளக்க வேண்டிய அவசியமே இல்லை. எத்தனை அங்குலம் என்று அவளுக்குத் தெரியும்.

"கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆச்சு. ஒரு வார்த்தை சொன்னீங்களா நீங்க?"

"சொன்னா பிரிச்சுத் தைச்சுக்குவியா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தைப் பார்த்ததும் அவர் சீப்பைக் கீழே வைத்தார். "ஏம்மா, இது ஒரு குறையா? இந்த நாற்காலியில உக்கார்றவங்கள்ல பாதிக்கு மேல தோள் சமமா இருக்காது. ஒருத்தருக்கு வலது, ஒருத்தருக்கு இடது. சமமா இருக்குற ஆளு வந்தாத்தான் நான் ஆச்சரியமா பாப்பேன்."

"அப்ப அவங்க மேல போடுற துணி மட்டும் எப்படிச் சாயாம நிக்குது?"

"ரெண்டு தோள்லயும் தனித்தனியா ஊக்கு குத்தினா சாயத்தான் செய்யும். நான் பிடரிக்குப் பின்னால ஒரே இடத்துல பிடிச்சு விடுறேன். மிச்சத்தைத் துணியே பாத்துக்கும்." துணியை அவள் கழுத்துக்குப் பின்னால் பிடித்து ஒரு கிளிப்பை மாட்டினார். அது இரண்டு பக்கமும் தானாக ஓடி, இறங்கி, நின்றது. வழுக்கவில்லை.

அவள் துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, அது நின்ற விதத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். பை சாய்ந்தது, கம்பியண்ணனுக்கு வந்த வினை, எல்லாம்.

"இப்ப நான் போயி என் தோளாலதான்னு சொன்னா, என்னைக் கீழ அனுப்பிடுவாங்க."

"சொல்லலைன்னா?"

"அவரு குடோனுக்குப் போவாரு."

அவர் கடைக்குள் கிடந்த முடியைக் கூட்டி ஓரமாகத் தள்ளினார். "உன் தோளு, உன் வாயி. இதுல நான் என்ன சொல்ல இருக்கு" என்றார்.

மறுநாள் காலை முதலாளி உள்ளே வந்து நாற்காலியில் அமர்வதற்குள் அவள் முன்னால் போய் நின்றாள். பின்னால் மற்ற மூன்று பேரும். அவளே கூட்டி வந்திருந்தாள், எதற்கென்று சொல்லவில்லை.

"சார், கம்பி மேல தப்பு இல்ல. என் இடது தோள் அரை அங்குலம் இறக்கம். எனக்கே நேத்துத்தான் தெரியும். பை என் தோளுக்கு நேரா உக்கார்ற மாதிரி குறியை மாத்திட்டேன். மத்தவங்க போட்டா அது வலது பக்கம் சாயும்."

முதலாளி கொஞ்ச நேரம் அவள் தோளையே பார்த்தார். "அப்ப அஞ்சு மாசமா இந்தக் கம்பெனி உன் ஒருத்தி முதுகுக்குத்தான் பை தைச்சுட்டு இருந்துச்சா?"

"ஆமா சார்."

"அதுவும் கோணல் முதுகுக்கு."

"ஆமா சார்."

தம்பியின் முகம் வெளுத்துப் போயிருந்தது. "குறி மாறினதை நானும் பாத்தேன் சார். கேட்டிருக்கணும். படி சொல்லிடுச்சுன்னு விட்டுட்டேன்" என்றார். மாஸ்டர் முழங்காலைத் தடவிக்கொண்டார். கம்பியண்ணன்தான் எதிர்பாராமல் ஒரு பெருமூச்சு விட்டார். "நேத்து ராத்திரி பூரா வீட்டுல ஜன்னல் கம்பியைக்கூட வளைச்சு வளைச்சுப் பாத்துட்டு இருந்தேன்மா. என் கையையே நான் நம்பல" என்றார்.

முதலாளிக்கு முடிவெடுக்க அதிக நேரம் பிடிக்காது. "அவரு மேலேயே இருக்கட்டும். நீ திங்கள்கிழமை லைனுக்குப் போயிடு."

தெரிந்துதான் வந்திருந்தாள். "சரி சார். இன்னைக்குச் செவ்வாய்தானே? சனிக்கிழமை வரைக்கும் மேல இருந்துக்குறேன்."

"இருந்து?"

"தோள் கோணலா இருக்குறவங்களும் போடுற மாதிரி அந்தப் பையைத் தைச்சுப் பாக்குறேன்."

"இருந்துக்கோ, இருந்துக்கோ" என்று கையை ஆட்டினார். போகிறவளுக்கு எதற்கு மறுப்பு என்பது போல இருந்தது அந்தக் கை.

அந்த நாலு நாளை அரையங்குலம் இன்றைக்கும் மணிவாரியாகச் சொல்வாள். செவ்வாய்க்கிழமை இரண்டு தோள் வாரின் மேல்முனைகளையும் முதுகுத் துணியிலிருந்து பிரித்தாள். இரண்டையும் சேர்த்து ஒரே நீள வாராக்கி, நடு முதுகில் ஒரு வளையம் வைத்து, அதன் வழியே ஓடவிட்டாள். எந்தத் தோள் இறக்கமோ அந்தப் பக்கம் வார் தானாக நகர்ந்துகொள்ளும் என்பது கணக்கு. நகர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்தது. வாட்ச்மேன் மாட்டிக்கொண்டு பத்துப் படி ஏறினார், ஒவ்வொரு படிக்கும் பை இங்கும் அங்கும் ஓடியது.

"என்னம்மா இது, முதுகுல யாரோ நாட்டியம் ஆடுறாங்க" என்றார்.

புதன்கிழமை கம்பியண்ணன் வளையத்தை நசுக்கித் தட்டையாக்கிக் கொடுத்தார். கொஞ்சம் அடங்கியது, ஆனால் உலோகம் வாரை அறுத்தது. வியாழக்கிழமை மத்தியானம் அவள் உலோகத்தையே தூக்கிப் போட்டாள். நடு முதுகில் இரண்டு அடுக்குத் துணியில் தட்டையான ஒரு உறை தைத்தாள். வார் அதற்குள் புகுந்து போகும். உறை சற்றுப் பிடிப்பாக இருக்க வேண்டும். மாட்டியதும் நகர வேண்டும், நடக்கும்போது நகரக் கூடாது. கால் அங்குலம் தளர்ந்தால் ஆடியது, கால் அங்குலம் இறுகினால் அசையவே மறுத்தது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு அளவையும் எழுதிக்கொண்டே இருந்தார். அவருடைய கால்சட்டை மடிப்பு அன்றைக்குக் கலைந்துதான் போனது.

அடுத்தது யார் ஏறுவது என்ற கேள்வி.

"என் தோள் சாட்சி இனி செல்லாது" என்றாள் அரையங்குலம். "ஒரு ஆள் ஏறினா அந்த ஒரு ஆளுக்குத்தான் பை. எல்லாரும் ஏறணும்."

வெள்ளிக்கிழமை அந்தக் கட்டடம் பார்த்தது போல ஒரு காட்சியை அதற்கு முன்னும் பின்னும் பார்த்திருக்காது. சாப்பாட்டு இடைவேளையிலும் வேலை முடிந்த பிறகும் குட்டை, நெட்டை, குண்டு, ஒல்லி என்று வரிசை கட்டி நின்றார்கள். கணக்கர் ஏறினார், இறங்கும்போது சட்டையைச் சொருகிக்கொண்டு ஏதோ மலையையே பார்த்துவிட்ட தோரணையில் வந்தார். ஜிப் வைக்கிறவள் பாதியில் உட்கார்ந்து சிரித்தாள். மூன்று மாதக் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "பிள்ளையைத் தூக்குறதுக்கும் இப்படி ஒண்ணு செய்யக் கூடாதாக்கா?" என்று கேட்டாள். தம்பி அதையும் எழுதிக்கொண்டார். கம்பியண்ணன்கூட மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு தடவை ஏறி முடித்தார்.

லைன் சூப்பர்வைசர் கடைசியாக வந்தார். ஏறினார், இறங்கினார். பையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"உன் மெஷினைத் துடைச்சு எண்ணெய் போட்டு வெச்சேன், திங்கள்கிழமைக்குன்னு."

"சரிங்க."

"வீண் வேலை பாத்துட்டேன் போலிருக்கு" என்றார். பையை அவளிடம் நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

முப்பத்தோரு பேர் ஏறியிருந்தார்கள். சாய்கிறது என்று ஒருவர் சொல்லவில்லை. தம்பி எழுதி வைத்த தாளை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை நாலு மணிக்கு முதலாளியிடம் போனார். முதலாளி தாளை வாங்கவே இல்லை.

"இவங்க எல்லாம் உங்களுக்காகச் சொல்வாங்கய்யா. எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். கொண்டா அந்தப் பையை, மணலோட."

மாட்டிக்கொண்டார். மாருக்கு நேரே இருந்த நாடாவை ஒரு இழு இழுத்தார். வார் முதுகில் நகர்ந்து நின்றது. படியேறத் தொடங்கினார். முதல் மாடியில் நின்று மூச்சு வாங்கினார். இரண்டாம் மாடியில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். லைன் முழுக்கத் தையலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது. அரையங்குலம் மூன்றாம் மாடி வாசலில் நின்றாள். அவர் அவளைக் கடந்து மேலே போனார்.

மொட்டைமாடிக்கு அவர் வந்து எத்தனை வருஷமோ. போனதும் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது கண்ணில் பட்டது. "வாட்ச்மேன்!" என்று ஒரு சத்தம். குனிந்து குழாயைப் பார்த்தார். ஓரமாகப் போட்டிருந்த துணி மூட்டைகளைக் காலால் தள்ளி, "இது யாரு போட்டது?" என்றார். துருப்பிடித்த கம்பிகளை எண்ணினார். கீழே இறங்கும் வழியில் மாதிரி அறைக்குள் நுழைந்து, ஆள் இல்லாத மூலையில் எரிந்த விளக்கை அணைத்தார். லைனில் ஒரு மெஷினின் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்து சூப்பர்வைசரைத் திட்டினார். முதல் மாடியில் துணிச் சுருள் அடுக்கியிருந்த விதம் பிடிக்காமல் நின்று ஒரு சுருளைத் தானே தூக்கி மாற்றி வைத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. அவர் பின்னால் நாலு பேரும், அவர்களுக்குப் பின்னால் பாதிக் கம்பெனியும், ஊர்வலம் மாதிரி, மூச்சுக் காட்டாமல் இறங்கி வந்தார்கள்.

தன் அறைக்குள் போய் நாற்காலியில் உட்காரப் போனார். உட்கார முடியவில்லை. என்னவோ இடித்தது. திரும்பப் போனார், திரும்ப இடித்தது. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினார்.

"அட, இது இன்னும் முதுகுலயா இருக்கு?"

வாசலில் அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமாக உடைந்தது. முதலில் கணக்கர், பிறகு எல்லாரும். முதலாளிக்கு முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று கண்டுபிடிப்பதற்குள் அவரும் சிரித்துவிட்டார். அரையங்குலம் போய் நாடாவைத் தளர்த்திப் பையை இறக்கினாள். பன்னிரண்டு கிலோ மணல் தரையில் சத்தம் போட்டு உட்கார்ந்தது.

முதலாளி நாற்காலியில் சாய்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "பல் டாக்டருக்கு ஒரு போன் போடுங்கய்யா" என்றார். அப்புறம் தம்பியைப் பார்க்காமல், மாஸ்டரைப் பார்க்காமல், அவளைப் பார்த்தார். "பன்னிரண்டு பையையும் இப்படி மாத்த எத்தனை நாளாகும்?"

"பத்து நாள் சார்."

"எட்டு."

"ஒருத்தியா தைச்சா பத்துதான் சார். கை ரெண்டுதானே இருக்கு."

"உன்னை யாரு ஒருத்தியா தைக்கச் சொன்னது? லைன்ல இருந்து நல்ல கை ஒண்ணைப் பாத்து மேல கூட்டிட்டுப் போ. உனக்கு ஒத்தாசைக்கு."

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பக்கத்தில் நின்ற கம்பியண்ணன்தான் அவள் முழங்கையை மெல்ல இடித்தார்.

"ஒன்பது நாள் சார்" என்றாள்.